இருமுகிறவருக்கு கேட் பாஸ் கிடையாது

அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று, "கொஞ்சம் காறித் துப்பிக் குடுங்க" என்று மரியாதையாகக் கேட்பதுதான் என் உத்தியோகம். காசநோய்க் களப்பணியாளர் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து கவரைப்பேட்டை வரைக்கும் எனக்குப் பெயர் சளி டப்பா மேடம். லோன் வசூலுக்குப் போகிறவர்களே, மீட்டர் பார்க்கிறவர்களே, வேகாத வெயிலில் மூடிய கதவுகளோடு பேசிப் பிழைக்கிற என் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும். உங்களையாவது "அப்புறம் வாங்க" என்பார்கள். என்னைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

எதிர்வீட்டு நோய்

தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற காலனியில் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கேட்பது ஒன்றேதான். ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா, சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வரும். வந்துகொண்டிருக்கும்போதே, உள்ளே தடுப்புக்குப் பின்னாலிருந்து யாரோ குடல் வெளியே வந்துவிடுகிற மாதிரி இருமுவார்கள். "அது யாருங்க?" என்றால், "டிவி" என்பார்கள்.

கோபித்துப் பயனில்லை. நோய் இருப்பதைவிட, இருப்பது தெரிவதுதான் இங்கே பெரிய கஷ்டம். தண்ணீர்க் குழாயில் தனி வரிசை, பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போவது, எல்லாம் நானே பார்த்திருக்கிறேன். அதனால் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்வி கேட்பேன். நாஷ்டாவுக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா கரண்டியை நீட்டி எனக்கு வழி காட்டினார்: "எங்கூட்ல யாருக்கும் ஒண்ணுமில்ல மேடம். எதிர்த்தூட்டுக்குப் போ, அவ போடுற ஆட்டத்துக்கு அவளுக்கு எல்லா நோவும் இருக்கும்."

அமுலு

கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கம் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். காய்கறிப் பையோடு ஒரு பெண் வந்தாள். அந்தப் பக்கம் ஒரு முறை, இந்தப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, கத்தரிக்காய் விலை சொல்வது போலப் பேச ஆரம்பித்தாள். பெயர் அமுலு. கணவர் டில்லிபாபு இரும்பு உருக்கும் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி, உலை வாய்க்கு முன்னால் வேலை. மாதக்கணக்காக இருமல். தூங்கி எழுந்தால் பாய் நனைகிற அளவுக்கு வேர்வை. கேட்டால் உலைப் புகை என்கிறாராம். மெடிக்கலில் சிவப்பு டானிக் வாங்கிக் குடிக்கிறாராம். ஆள் ஆறடி, எலும்பே அகலம், அதனால் ஊருக்குத் தெரியவில்லை. பேண்ட் துவைக்கிறவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வரமாட்டாராம். அதே ஆலையில் போன வருஷம் ஒருவருக்கு நோய் என்று தெரிந்தது. மறுநாளிலிருந்து கேட் பாஸ் இல்லை. குணமாகி டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு போனவரை வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிட்டார். நான் பாடமாகச் சொல்வதைச் சொன்னேன். மாத்திரை இலவசம், ஒழுங்காகப் போட்டால் சில வாரத்தில் மற்றவருக்குத் தொற்றுவது நின்றுவிடும், ஆறு மாதத்தில் ஆளே எழுந்துவிடுவார். அமுலு பொறுமையாகக் கேட்டாள். "நான் சொன்னேன்னு மட்டும் தெரியக்கூடாது யக்கா" என்றாள். பிறகு பையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "எனக்கு அவரும் வேணும், அவரு வேலையும் வேணும். ரெண்டுல ஒண்ணுதான்னு நீயும் சொல்லிடாதே."

உள்ளே இருமலே இல்லை

அமுலு பெயர் வெளியே வராமல் டில்லிபாபுவின் சளியை எடுக்க ஒரே வழிதான் தோன்றியது. அவர் மட்டுமில்லாமல் எல்லோரையும் கேட்பது. ஆலையில் ஒரு முகாம் போட அனுமதி கேட்டுப் போனேன். கேட்டுக்கு வெளியிலேயே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அந்த நாற்காலியில் நான் மூன்று முறை உட்கார்ந்திருக்கிறேன். மூன்று முறையும் கரித்தூள் புடவையில் ஒட்டியதுதான் மிச்சம்.

கடைசியில் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் முனிரத்தினம் வந்தார். தங்க நிற வாட்ச், நெற்றியில் குங்குமம், காதில் போன். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆள் குறைந்தால் அவரைத் திட்ட ஒருவர் மேலே இருக்கிறார், அவ்வளவுதான். முகாம் வேண்டுமானால் கேட்டுக்கு வெளியே, வேன் நிற்கிற இடத்தில், ஷிப்ட் மாறுகிற நேரத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஆனால் என் மேல் அவருக்கு உண்மையாகவே பரிதாபம் இருந்தது. "இன்னாத்துக்கு மேடம் வெயில்ல பேஜாராவுற? இருமுறவன நான் கேட்டுக்குள்ளாறவே உடமாட்டேன், அதனால உள்ள யாருக்கும் இருமலே கிடையாது."

எச்சில் வேண்டாம்

அந்த ஆலையில் உலை வேலைக்குத் தனித்தனி ஆள் எடுப்பதில்லை. 'செட்' என்று எட்டுப் பேரை மொத்தமாக எடுப்பார்கள். ஒருவர் வராவிட்டால் செட்டே திரும்பிப் போகவேண்டும், அந்த இடத்தில் வேறு செட் இறங்கிவிடும். முகாமுக்கு நின்றது டில்லிபாபுவின் செட் மட்டும்தான்; அதில் மூத்தவர் கன்னியப்பன். ஒட்டிய கன்னம், துருத்திய கழுத்தெலும்பு, ஓயாத இருமல். பார்த்ததுமே நானும் அவரைத்தான் சந்தேகப்பட்டேன். பக்கத்தில் டில்லிபாபு தூண் மாதிரி நின்று, எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "மேடத்துக்கு சக்கரை கம்மியா" என்று கடைக்காரரிடம் கத்திச் சொன்னார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது, அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆளுக்கொரு டப்பா கொடுத்து, காலையில் எழுந்ததும் வருகிற முதல் சளியைப் பிடித்து வரச் சொன்னேன். எல்லோரும் எச்சிலைத் துப்பிக்கொண்டு வருவதும், லேபில் அதைத் திருப்பி அனுப்புவதும் வழக்கம் என்பதால், நடு ரோட்டில் நின்று இருமிக் காட்டினேன். மூச்சை இழுத்து, அடி நெஞ்சிலிருந்து. போகிற வேனில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைக்காரர் பயந்து தண்ணீர் கொண்டுவந்தார். "எச்சில் இருந்தா மறுபடியும் வருவேன், முனிரத்தினம் சாரைக் கூட்டிக்கினு வருவேன்" என்று பயமுறுத்தியும் வைத்தேன். டில்லிபாபு சிரித்தார்: "கவலப்படாத மேடம், எட்டு டப்பாவும் கெட்டியா வந்துரும்."

இறால்

வந்தது. மறுநாள் காலை எட்டு டப்பாவிலும் கெட்டியாக, மஞ்சளாக, பாடப்புத்தகத்தில் போடலாம் என்கிற மாதிரி சளி. இத்தனை வருஷத்தில் ஒரு கூட்டம் இப்படி ஒழுங்காகக் கொடுத்து நான் பார்த்ததில்லை. மனசு குளிர்ந்துபோய் ஐஸ் பெட்டியில் வைத்து, வண்டி மறுபடியும் பஞ்சர் என்பதால் ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

பழவேற்காட்டு மீன் வியாபாரிகள் வைத்திருக்கிற அதே தெர்மோகோல் பெட்டிதான் எங்களுக்கும். பக்கத்தில் இருந்த அம்மா பெட்டியைத் தட்டிப் பார்த்து, "இறாலா? கிலோ இன்னா ரேட்டு?" என்றார். இல்லை என்றேன். "நண்டா?" இல்லை என்றேன். மூடியைத் திறக்கக் கை போட்டதும் வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். ஆட்டோ நின்றது. டிரைவர் திரும்பிப் பார்க்காமலே தீர்ப்பு சொன்னார்: "பொட்டிய எறக்கு, இல்ல நீயும் கூட எறங்கு மேடம். ரெண்டும் ஒண்ணுதான்."

டார்கெட்

மெஷின் பொய் சொல்லாது. மத்தியானத்துக்குள் லேப் டெக்னீஷியன் சேகர் சார் போன் செய்தார். குரலே மாறியிருந்தது. எட்டுக்கு எட்டும் பாசிட்டிவ். அந்த நிமிஷம் எனக்கு வந்தது துக்கம் என்று சொன்னால் பொய். முதலில் வந்தது, அமுலுவின் கணவரைப் பிடித்துவிட்டோம் என்ற நிம்மதி. அதற்குப் பின்னால்தான் பயம் வந்தது. ஒரு உலைக்கு முன்னால் நிற்கிற எட்டுப் பேருக்கும் நோய் என்றால், அந்த ஆலைக்குள்ளே என்னதான் நடக்கிறது?

எங்கள் அதிகாரியிடம் சொன்னேன். அவரும் கவலைப்படுவார் என்று நினைத்தேன். கவலைப்பட்டார், ஆனால் வேறு விஷயத்துக்கு. எங்கள் யூனிட் கேஸ் கண்டுபிடிப்பதில் பின்தங்கிக் கிடந்தது, மேலே இருந்து தினமும் திட்டு. சந்தோஷத்தை அடக்க முடியாமல் அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "வெரி குட் மேடம். இதே மாதிரி வாரத்துக்கு ஒரு செட் புடிங்க, நம்ம டார்கெட் முடிஞ்சுரும்."

யாருடையது

நோயாளி பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. நான் சொல்லவும் இல்லை. ஆனால் ஒரே செட்டில் எட்டுப் பேரையும் ஒரே நாளில் எக்ஸ்ரேவுக்கு வரச் சொன்னால், எந்த விதி என்ன செய்யும்? அன்று ஷிப்டுக்கு வேறு செட் இறங்கிவிட்டது. முனிரத்தினம் எட்டு கேட் பாஸையும் நிறுத்திவிட்டார்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். இவர்களில் பலருக்கு நெஞ்சு சுத்தமாக இருக்கிறதே, என்ன டப்பா கொண்டுவந்தீர்கள் என்றார். வெளியே வந்து எட்டுப் பேரையும் சுவர் ஓரமாக நிறுத்திக் கேட்டேன். முதலில் ஒருவர் சொன்னார், பிறகு எல்லோருமே சொன்னார்கள். கன்னியப்பனுக்கு நோய் இருக்கும் என்று பயம். அவர் மாட்டினால் செட்டே போய்விடும். அவர் டப்பாவை மட்டும் வேறு ஆள் நிரப்பலாம் என்று பார்த்தால், மற்றவர்களில் பலருக்கும் சளியே வரவில்லை, எச்சில் கொடுத்தால் நான் முனிரத்தினத்தைக் கூட்டி வருவேன். எனவே விடிகாலையில் டீக்கடைக்குப் பின்னால் கூடி, எட்டு டப்பாவையும் செட்டிலேயே ஆரோக்கியமான ஒருவரிடம் கொடுத்து நிரப்பிக்கொண்டார்கள்.

யார் அந்த ஒருவர் என்று கேட்டேன். டில்லிபாபு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறடி ஆள் அத்தனை சின்னதாக ஆவார் என்று நான் நினைத்ததில்லை. கன்னியப்பன்தான் முன்னால் வந்தார்: "அது என் சளின்னு எழுதிக்கோ மேடம். எனக்கு வயசாயிட்ச்சி, இனிமே எனக்கு எந்த கேட்டு தொறக்கப்போவுது?"

எட்டாவது டப்பா

என் கண்ணெதிரே மறுபடியும் கொடுக்கச் சொன்னேன். ஒவ்வொருவராக வராந்தா ஓரம் போய் இருமினார்கள். டில்லிபாபுவை நான் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். குணமாகும், பயப்படாதீர்கள், மாத்திரையை நானே வீட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். "என்னால இவனுங்க எல்லாருக்கும் பொழப்பு போச்சே மேடம்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவில்லை; எட்டாவது டப்பா காலியாகவே இருந்தது.

கன்னியப்பன் உட்பட ஏழு பேருக்கும் நோய் இல்லை. அந்த ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு நானே ஏழு பேரையும் ஆலைக்கு அழைத்துப் போனேன். என்னை நானே ஒரு வக்கீலாக நினைத்துக்கொண்டு, டப்பா நிரப்பிய கதையையும் சொல்லிப் பேசினேன். கெஞ்சினேன் என்றும் சொல்லலாம். முனிரத்தினம் பேப்பரை வாங்கிப் பார்த்தார், நிதானமாக மடித்து என்னிடமே கொடுத்தார்: "ஒருத்தன் சளிய எட்டு டப்பால போட்டவனுங்க மேடம் இவனுங்க. நாளைக்கு எவன் எவன் பேர்ல உள்ள வருவான்னு நான் எங்க போயி பாக்குறது?"

எல்லைக்கு அப்பால்

டில்லிபாபு வீட்டுக்கும் போகவில்லை. போன் சுவிட்ச் ஆப். அமுலு என் வீட்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை, திட்டவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. ரெண்டு பேருமாக என் வண்டியில் ஆரம்பாக்கம் வரைக்கும், அதைத் தாண்டி ஆந்திரா பக்கத்து ஆலைகள் வரைக்கும் தேடினோம். ஒரு கேட்டில் அவர் போட்டோவைக் காட்டினால், வாட்ச்மேன் சிரித்து, "யம்மா, இந்த மாதிரி ஆளு தினம் நூறு பேரு போறான் வரான்" என்றார். எல்லோரும் முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். ஒருவேளை எங்களைப் பார்த்துக்கொண்டே அவர் உள்ளே போயிருக்கலாம்.

நோய் உறுதியான ஒருவர் மாத்திரை இல்லாமல் எங்கோ, காற்றில்லாத ஒரு அறையில் பத்துப் பேரோடு படுத்திருக்கிறார், அவருக்கும் ஆபத்து, அவர்களுக்கும் ஆபத்து என்று அதிகாரியிடம் சொன்னேன். அந்தப் பக்கம் தகவல் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள் என்று கேட்டேன். எந்த ஊர், எந்த ஆலை, என்ன பெயரில் இருக்கிறார் என்று கேட்டார். ஒன்றுக்கும் என்னிடம் பதிலில்லை. அவருக்கு மட்டும் ஒரு பதில் இருந்தது: "பார்டர் தாண்டிட்டார்னா விடுங்க மேடம், நம்ம கணக்குல இருந்து போயாச்சு."

வேறு பெயர்

மழையெல்லாம் விட்டுப் பனி ஆரம்பித்த பிறகு அமுலு போன் செய்தாள், வந்துவிட்டார் என்று. ஓடினேன். கட்டிலில் கிடந்தவரை அடையாளம் தெரிந்தது அந்த எலும்பின் அகலத்தால்தான். பக்கத்தில் இருந்த டம்ளரில் ரத்தம். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மாத்திரை எல்லா ஊரிலும் இருக்கிறதே, இலவசம்தானே, ஒரு நடை போய் வாங்கியிருக்கக்கூடாதா என்று சத்தம் போட்டேன். படுத்திருக்கிறவரிடம் போய்க் கத்துகிறேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

அவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். அங்கே வேறொருவர் ஆதாரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாராம். கிடைத்த பணத்தில் கன்னியப்பன் வீட்டுக்குக்கூட ஒரு முறை கொடுத்தனுப்பியிருக்கிறார். மாத்திரைக்குப் போகவேண்டும் என்று பல தடவை கிளம்பி, பாதி வழியில் திரும்பியிருக்கிறார். "ஆஸ்பத்திரில மொதல்ல பேரு கேப்பாங்க மேடம். எம் பேரச் சொன்னா இங்க தெரிஞ்சி தேடி வருவீங்க, அவன் பேரச் சொன்னா அவன் வேலை போவும். எந்தப் பேர நான் சொல்றது?"

சாவு வீட்டில்

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மாத்திரை ஆரம்பித்தார்கள், ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். ரெண்டு நுரையீரலும் போய்விட்டது என்றார்கள். குணமாகக்கூடிய நோய் என்று ஆயிரம் வாசலில் சொன்னவள் நான். அந்த வார்டு வாசலில் மட்டும் எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

செட்டில் இருந்த ஏழு பேரும் வந்திருந்தார்கள். பாடையை அவர்களே தூக்கினார்கள். கன்னியப்பன் இருமலோடு முன்னால் நடந்தார். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, வீட்டிலிருக்கிற மற்றவர்களுக்கும் பரிசோதனை செய்யவேண்டுமே என்று பையோடு நின்றேன். அன்றைக்கு அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல், கேட்காமலும் போக மனமில்லாமல். அமுலு எழுந்து வந்தாள். என் கையிலிருந்த டப்பாக்களைத் தானாகவே வாங்கிக்கொண்டாள், தனக்கொன்று, தன் ரெண்டு மகள்களுக்கும் ஆளுக்கொன்று. அவளுக்கு என் மேல் கோபமே இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஒரு கணக்குப் போட்டு விடை வந்தவள் மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "நீ கண்டுபுடிக்காம இருந்திருந்தாலும் செத்துதான் போயிருப்பாரு யக்கா. ஆனா எங்கூட்லியே, எம் பக்கத்துல, சொந்தப் பேர்ல வேலைக்குப் போய்க்கினே செத்திருப்பாரு."

கண்டுபிடிப்பதற்கு எனக்கு முறையாகப் பயிற்சி கொடுத்தார்கள், சக பாவிகளே. கண்டுபிடித்த மனிதரை அப்புறம் எந்த ஊரில் எந்தக் கேட்டுக்குள் வைத்துப் பிழைக்கவைப்பது என்கிற வகுப்புதான் இன்னும் நடக்கவில்லை.